மோதிர விரல்

திண்டுக்கல்,
14.7.1985

மரியே வாழ்க.

அன்பான அக்காவுக்கு ஜெயராக்கினி எழுதிக்கொண்டது. அப்பா, அம்மா, நான் மூவரும் சுகம். அப்பாவுக்கு இந்த வாரம் ரயில்வே ஸ்டேஷனில் பகல் டூட்டி. உனக்குப் போன மாதம் பிடித்த சளி விட்டதா என்று அம்மா கேட்கச் சொன்னாள். மெட்ராஸ் தண்ணீரைக் காய்ச்சிக் குடி.

ஒரு சேதி. எங்கள் கல்லூரியில் பாறை ஏறும் குழு என்று புதிதாக ஆரம்பித்திருக்கிறார்கள். நாற்பது பேர் பெயர் கொடுத்தோம், ஆறு பேரை எடுத்தார்கள். நானும் ஒருத்தி. வருகிற பிப்ரவரியில் இமயமலையில் இருபத்தெட்டு நாள் பயிற்சிக்கு இந்த ஆறு பேரில் இரண்டு பேரை அனுப்பப் போகிறார்கள். அதற்கு நவம்பரில் தேர்வு. அப்பா சரி என்றுவிட்டார். அம்மாவுக்கு இன்னும் இமயமலை என்றால் கொடைக்கானல் மாதிரி ஓரிடம்தான்.

சொல்லிக்கொடுக்க நாச்சிமுத்து மாஸ்டர் என்று ஒருவரை வைத்திருக்கிறார்கள். பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர், பழனிப் பக்கம் பாலசமுத்திரத்துக்காரர். ஞாயிறுதோறும் நத்தம் ரோட்டில் ஐம்பது அடிப் பாறை ஒன்றில் ஏறுகிறோம். மற்ற நாளெல்லாம் காலையில் கல்லூரி மெஸ் கட்டடத்துச் சன்ஷேடில் விரல் நுனியால் தொங்கவேண்டும். முதல் வாரம் பத்து எண்ணும் வரை, இப்போது நாற்பது. ஒரு நாளும் விடக்கூடாது. விட்டால் எல்லார் முன்னாலும் பேசுவார். அவர் பேச்சைக் கேட்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

என்னுடன் முத்துப்பேச்சி என்று ஒருத்தி. குஜிலியம்பாறைப் பக்கம், அப்பா கடலை விவசாயம், ஹாஸ்டலில் இருக்கிறாள். அவர்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள். பாறையில் பல்லி மாதிரி ஒட்டிக்கொள்வாள். அவளும் நானும்தான் போவோம் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

வலது கை மோதிர விரலின் அடியில் லேசாக வலி. என்ன தைலம் தேய்க்கலாம் என்று எழுது. நீ எலும்பு வார்டில்தானே வேலை பார்க்கிறாய்.

செபத்தில் நினைத்துக்கொள்ளும் தங்கை,
ஜெயா

*

சென்னை,
22.7.1985

அன்புள்ள ஜெயாவுக்கு,

நான் சுகம். சளி போய்விட்டது. நீ தேர்வானதைப் படித்து வார்டில் எல்லாரிடமும் சொன்னேன். அதற்கு அடுத்த பாராவைப் படித்துவிட்டு யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

தைலம் எதுவும் தேய்க்காதே. தினமும் தொங்கவேண்டும் என்று சொன்ன மனிதருக்கு உடம்பைப் பற்றி என்ன தெரியும்? சதை ஒன்றிரண்டு மாதத்தில் வலுத்துவிடும். விரலை எலும்போடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கும் நார் அப்படியில்லை. அதற்கு ஒரு வருஷம்கூட ஆகும். சதை தயாராகிவிட்ட தைரியத்தில் நாரை இழுத்தால் அது கிழியும். ஒருநாள் தொங்கினால் மறுநாள் விடு. தொங்குவதற்கு முன் கையை நன்றாக உதறிச் சூடாக்கு. விரல் நுனியை மடக்கி விளிம்பில் கொக்கி போடாமல் கை முழுவதையும் வைத்துப் பிடி. மோதிர விரலையும் நடுவிரலையும் சேர்த்துப் பிளாஸ்திரி சுற்றிக்கொள். வலித்தால் நிறுத்து. வலி என்றால் நிறுத்து என்று அர்த்தம், வேறு அர்த்தம் கிடையாது.

உள்ளங்கைப் பக்கம் விரலின் அடியை அழுத்திப் பார். சுருக்கென்று இருந்தால் உடனே மாஸ்டரிடம் சொல். நான் சொன்னதாகவே சொல்.

அம்மாவின் முழங்கால் எப்படி? அப்பாவைக் கேட்டதாகச் சொல்.

அக்கா,
அமலோற்பவம்

*

திண்டுக்கல்,
11.8.1985

அக்காவுக்கு, எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் பரவாயில்லை.

நீ சொன்னதாகவே சொன்னேன். என்ன நடந்தது தெரியுமா? மாஸ்டர் எல்லாரையும் வரிசையாக நிற்கவைத்தார். என் கையைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். "ஏனம்மிணி, வெரலு வலிக்குதா? அப்ப உனக்கு மலை எதுக்கு? வூட்டுக்குப் போயி அரிசி பொடைச்சுக்கிட்டிரு" என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். அக்கா நர்ஸ் என்றேன். நர்ஸ் மருந்து கொடுக்கட்டும், மலை ஏறச் சொல்லித்தர வேண்டாம் என்றார். முத்துப்பேச்சி மட்டும் வாயைத் திறந்தாள். ஒருநாள் விட்டு ஒருநாள் தொங்கினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்டாள். அதற்காக அன்றைக்கு எங்கள் இருவருக்கும் எண்பது.

அறுபதை எண்ணும்போது என் விரலில் படக்கென்று ஒரு சத்தம். பக்கத்தில் தொங்கியவளுக்கே கேட்டதாம். நான் கையை விடவில்லை. எண்பது வரை எண்ணிவிட்டுத்தான் இறங்கினேன். இப்போது மோதிர விரலின் அடி புளியங்கொட்டை அளவுக்கு வீங்கியிருக்கிறது. பேனா பிடிக்க முடிகிறது, வாளி தூக்க முடியவில்லை. வீட்டில் கதவு நசுக்கிவிட்டதாகச் சொல்லியிருக்கிறேன்.

இதை உன்னிடம் அழுவதற்காக எழுதவில்லை. செப்டம்பர் பதினைந்துக்குள் எல்லாரும் டாக்டர் சான்றிதழ் கொடுக்கவேண்டும், கை கால் எலும்பு எல்லாம் நலம் என்று. இங்கே டாக்டரிடம் போனால் வீக்கத்தைப் பார்த்துவிடுவார். உன் வார்டு டாக்டரிடம் ஒரு கையெழுத்து வாங்கி அனுப்பு. கல்லூரியில் கொடுத்த பாரம் இதோடு இருக்கிறது.

ஜெயா

*

சென்னை,
20.8.1985

ஜெயா,

சத்தம் கேட்டபிறகு இருபது எண்ணினாய். படித்துவிட்டுக் காகிதத்தைக் கிழித்துப்போடலாம் போல இருந்தது.

நார் கிழிந்திருக்கிறது. பாதியா முழுதா என்பது தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆறு வாரம் அந்தக் கை எதையும் இழுக்கக்கூடாது. இன்னும் ஒரு தரம் அறுந்தால் விரல் வில் மாதிரி வளைந்தே நிற்கும். பிறகு இமயமலை என்ன, இட்லிப்பானையைக்கூடத் தூக்கமாட்டாய்.

சான்றிதழ் கிடையாது. இல்லாத நலத்துக்கு நான் யாரிடமும் கையெழுத்துக் கேட்கமாட்டேன். மாஸ்டரிடம் திரும்பப் போய், விரல் கிழிந்திருக்கிறது என்று சொல். வீட்டிலும் உண்மையைச் சொல். பாரத்தைத் திருப்பி அனுப்புகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அமலோற்பவம்

*

திண்டுக்கல்,
2.9.1985

அக்காவுக்கு வணக்கம். இங்கு நலம். அங்கு நலமா என்று கேட்கவேண்டும், கேட்கிறேன்.

நீ பெரிய நியாயஸ்தி ஆகிவிட்டாய். இரண்டு வருஷத்துக்கு முன்னால் உன்னைப் பெண் பார்க்க ஒட்டன்சத்திரத்திலிருந்து வந்து உட்கார்ந்திருந்தார்களே, லீவு கிடைக்கவில்லை என்று தந்தி அடித்தாயே. லீவில் இருந்துகொண்டே அடித்த தந்தி அது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். அப்பா அவர்கள் முன்னால் தலை குனிந்து நின்றதைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். உனக்குப் பிடிக்காத இடத்துக்கு நீ போகவேண்டாம் என்று இருந்தேன். இன்று வரை யாரிடமும் சொல்லவில்லை. எனக்கு ஒன்று என்று கேட்டால் பாரம் திரும்பி வருகிறது.

விரல் வலிக்கிறது என்று சொன்ன ஒருத்தியைப் போன வாரம் மாஸ்டர் குழுவிலிருந்து எடுத்துவிட்டார். ஆறு பேர் ஐந்தாகிவிட்டோம். நானும் சொல்லவேண்டுமா?

நான் ஒரு வழி யோசித்திருக்கிறேன். ஆறு வாரம் ஏறமாட்டேன், தொங்கமாட்டேன். மாதவிடாய்க் கோளாறு என்று சொல்லிவிட்டால் மாஸ்டர் அதற்குமேல் கேட்கமாட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் கயிறு மட்டும் பிடிக்கிறேன். ஏறுகிறவளின் இடுப்பில் கயிறு கட்டியிருக்கும். அந்தக் கயிற்றைப் பாறை உச்சியில் ஒருத்தி உட்கார்ந்து தன் இடுப்பைச் சுற்றிப் போட்டுப் பிடித்துக்கொள்வாள். அவள் ஏற ஏற இவள் கயிற்றை வாங்கிக்கொள்ளவேண்டும், அவ்வளவுதான் வேலை. எடையெல்லாம் இடுப்பில், விரலுக்கு ஒன்றுமில்லை. விரலுக்கும் ஓய்வு, குழுவிலும் இருந்த மாதிரி.

மாதா மேல் ஆணையாக ஆறு வாரம். பாரத்தை மறுபடி வைத்திருக்கிறேன்.

ஜெயா

*

சென்னை,
10.9.1985

ஜெயாவுக்கு,

சான்றிதழை இதனுடன் வைத்திருக்கிறேன். காலையில் ரவுண்ட்ஸ் முடிந்து டாக்டர் கையெழுத்துப் போடும் தாள்களின் நடுவே வைத்து நீட்டினேன். அவர் படிக்கவில்லை. ஐந்து வருஷமாக நான் நீட்டிய எதையும் அவர் படித்ததில்லை.

கயிறு பிடிப்பதில் விரலுக்கு வேலை இல்லை என்றால் சரி. ஏறாதே, தொங்காதே. அக்டோபர் இருபத்திரண்டாம் தேதி வரைக்கும்.

தந்தியைப் பற்றி இனி எழுதாதே. எனக்கு இருந்த கோபம் அதைப் படித்ததும் எங்கே போனதென்று தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆத்திரமாக இருக்கிறது.

திண்டுக்கல் தனி மாவட்டம் ஆகப்போகிறதாமே, பேப்பரில் பார்த்தேன்.

அமலோற்பவம்

*

திண்டுக்கல்,
3.11.1985

மரியே வாழ்க.

அக்காவுக்கு. நாங்கள் சுகம். கடிதம் போட நாளாகிவிட்டது. வீட்டிலிருந்து தெரிவித்திருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை முத்துப்பேச்சி பாறையிலிருந்து விழுந்துவிட்டாள். முப்பது அடிக்கு மேல் ஏறியிருந்தாள். கயிறு நழுவிவிட்டது. பதினைந்து அடி கீழே ஒரு திட்டில் விழுந்தாள். முழங்காலுக்குக் கீழே இரண்டு எலும்பும் முறிந்துவிட்டது. மாட்டுவண்டியில் வைக்கோல் பரப்பி ரோட்டுக்குக் கொண்டுவந்தோம். வழி முழுவதும் உதட்டைக் கடித்துக்கொண்டு வந்தாள்.

இப்போது கேள். அன்றைக்குப் பயிற்சி பத்து மணிக்கே முடிந்துவிட்டதாம். மாஸ்டர் எல்லாரையும் இறங்கச் சொல்லிவிட்டாராம். முத்துப்பேச்சி மட்டும் அவர் பேச்சை மீறி, கயிறே கட்டாமல் மறுபடி ஏறி விழுந்துவிட்டாளாம். இப்படி ஒரு தாள் தயாராகியிருக்கிறது. அதில் நாங்கள் நான்கு பேரும் கையெழுத்துப் போடவேண்டுமாம். முதல்வர் அம்மா கூப்பிட்டுக் கல்லூரியின் பெயர் என்கிறார், பெற்றோர் பயப்படுவார்கள் என்கிறார். முத்துப்பேச்சி ஒருத்தியின் பெயர் மட்டும் பெயரில்லையா? கட்டுப்பாட்டை மீறினாள் என்று ஹாஸ்டலில் இருந்து அவள் பெட்டியை வெளியே எடுத்து வைத்துவிட்டார்கள். அவள் அப்பா அய்யனார் வந்து தலையில் வைத்துக்கொண்டு போனார். மகள் சொன்னதை அவர் நம்பவில்லை. காலேஜுக்காரர்கள் பொய்யா எழுதுவார்கள் என்கிறாராம்.

அந்த மாஸ்டர் மேல் அவ்வளவு ஆத்திரமாக இருக்கிறது. தினமும் தொங்கவைத்து, வலி என்றால் கேலி செய்து, பழைய கயிற்றைக் கொடுத்து, கையுறைகூட வாங்கித்தராமல், கடைசியில் பழி விழுந்தவள் மேலேயே. நீ பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறாய், யாருக்காவது எழுதிப்போட வழி உண்டா சொல்.

ஜெயா

*

சென்னை,
12.11.1985

ஜெயாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. அந்தப் பெண்ணுக்கு எந்த ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டார்கள்? மாவுக்கட்டு தொடை வரைக்குமா, முழங்கால் வரைக்குமா? கட்டுக்கு வெளியே கால்விரல்கள் அசைகின்றனவா, நிறம் சரியாக இருக்கிறதா? புண் இருந்ததா? இரண்டு எலும்பும் என்றால் மூன்று மாதமாவது ஆகும். அதற்குள் காலை ஊன்றவிட்டால் கோணிக்கொள்ளும். இதையெல்லாம் அவள் வீட்டாருக்குச் சொல்ல ஒருவரும் இருக்கமாட்டார்கள். நீ போய்ச் சொல்.

அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதே. விழுந்து கிடப்பவள் மேல் ஏறி நிற்கிறவர்களுக்குப் பெயர் வேறு. மற்றவர்கள் போட்டாலும் நீ போடாதே.

உன் எழுத்து கோழி கிளறிய மாதிரி இருக்கிறது. ஏன் என்று நான் கேட்கவில்லை.

அப்பாவிடமும் அம்மாவிடமும் என் அன்பைச் சொல்.

அமலோற்பவம்

*

சென்னை,
30.12.1985

ஜெயா,

ஏழு வாரம் ஆகிறது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதில் அப்பாவின் கையெழுத்து மட்டும் இருந்தது. அதனால் சுகம் விசாரிக்காமல் தொடங்குகிறேன்.

கயிறு யார் பிடித்தது?

நவம்பரிலேயே கேட்டிருக்கவேண்டும். "கயிறு நழுவிவிட்டது" என்ற வரியைப் படித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொண்டேதான் மாவுக்கட்டைப் பற்றி ஒரு பக்கம் கேட்டேன். நீ சொல்லாமல் இருந்ததும் நான் கேட்காமல் இருந்ததும் ஒன்றுதான். நீ என்னைவிட எட்டு வயது சிறியவள் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

போன வாரம் வார்டுக்கு ஒரு நோயாளி வந்தார். மலைப்பகுதியில் மின்கம்பம் நடுகிறவர். கயிறு பிடிப்பதைப் பற்றி அவரிடம் கேட்டேன். எடை இடுப்பில்தான், ஆனால் விழுகிற நேரத்தில் வலது கை விரல் நான்கும் இறுக்கினால்தான் கயிறு நிற்கும், அது இறுக்கவில்லையென்றால் இடுப்பு இருந்தும் பயனில்லை என்றார். ஒரு நிமிஷத்தில் சொல்லிவிட்டார். செப்டம்பரில் நான் யாரையும் கேட்கவில்லை. கேட்டால் உனக்கு இல்லை என்று எழுதவேண்டி வரும் என்றுதான் கேட்கவில்லை.

டாக்டரிடம் போய், பார்க்காத விரலுக்கு அவர் கையெழுத்துப் போட்டிருக்கிறார், அதை நான்தான் நடுவில் வைத்து நீட்டினேன் என்று சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. இனி அவர் முன்னால் எந்தத் தாளையும் நான் நீட்டக்கூடாது என்று மட்டும் சொன்னார். முதல் தேதியிலிருந்து என்னைத் துணி, கருவிகளைக் கிருமி போக அவிக்கும் அறைக்கு மாற்றியிருக்கிறார்கள். போகட்டும். எனக்கு என் மேல்தான் கோபம். ஆனால் உன் மேல் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

ஒரு வரியில் பதில் எழுது. கயிறு யார் பிடித்தது?

அமலோற்பவம்

*

திண்டுக்கல்,
12.1.1986

நான்தான்.

ஒரு வரி கேட்டாய், எழுதிவிட்டேன். மீதியையும் எழுதுகிறேன்.

ஆறு வாரம் இருக்கிறேன் என்று ஆணையிட்டேன். பத்து நாள்தான் இருந்தேன். மற்றவர்கள் முந்திவிடுவார்களோ என்று வீட்டுக் கொல்லைப்புறத்தில் யாருக்கும் தெரியாமல் தினமும் தொங்கினேன். அன்றைக்குக் காலையில் விரல் மடங்கவே இல்லை. முத்துப்பேச்சி கயிற்றைக் கட்டிக்கொண்டே என் கையைப் பார்த்தாள். "கை சரியாருக்கா புள்ள? இல்லேன்னா சௌந்தர்யாவ மேல போகச் சொல்லுவோம்" என்றாள். சௌந்தர்யா எங்கள் குழுவில் இன்னொருத்தி. நான் சரியாக இருக்கிறது என்றேன். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை, ஏறினாள்.

கால் வழுக்கியதும் கயிறு என் இடுப்பை இழுத்தது. இறுக்கினேன். மூன்று விரல் இறுகியது, நான்காவது இறுகவில்லை. வலி தோள் வரைக்கும் வந்தது. கயிறு உள்ளங்கையை அறுத்துக்கொண்டு ஓடியது. அப்போது நான் விட்டேன். தானாக நழுவவில்லை. சூடு தாங்காமல் நான்தான் விட்டேன். தோல் முழுக்க உரிந்துவிட்டது. அதனால்தான் கோழி கிளறிய எழுத்து. அம்மாவிடம் கஞ்சிப்பானை சுட்டுவிட்டது என்றேன்.

அன்று மாலையே மாஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, விரலை அழுத்திப் பார்த்தார். கயிறு கட்டியிருந்தது என்று எழுதினால் பிடித்தவள் யார் என்று வரும், விரல் கிழிந்தவளுக்கு நலம் என்று சான்றிதழ் எப்படி வந்தது என்று வரும், உன் அக்கா வேலைக்கு என்ன ஆகும் என்று யோசித்துக்கொள் என்றார். கயிறே இல்லை என்று எழுதினால் யாருக்கும் ஒன்றுமில்லையாம். "நீயும் பொழச்சுக்குவே, நானும் பொழச்சுக்குவேன்" என்றார்.

நான் கையெழுத்துப் போட்டேன் அக்கா. உனக்கு அந்த நவம்பர் கடிதத்தை எழுதும்போதே போட்டு மூன்று வாரம் ஆகியிருந்தது. நான்கு பேரில் முதல் கையெழுத்து என்னுடையது.

நவம்பர் தேர்வை நடத்தாமலே பிப்ரவரிக்கு என்னையும் சௌந்தர்யாவையும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பத்தாம் தேதி ரயில்.

உன் வேலைக்காகப் போட்டேன் என்று எழுத நினைத்தேன். அது உண்மையில்லை. உன் மேலும் எனக்குக் கோபம்தான். நீ பாரத்தைத் திரும்பவும் திருப்பி அனுப்பியிருந்தால் இப்படி ஆகியிருக்காது. இதை எழுதும்போது எனக்கே அசிங்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன்.

ஜெயா

*

சென்னை,
20.1.1986

ஜெயா,

திருப்பி அனுப்பியிருக்கவேண்டும். ஒப்புக்கொள்கிறேன்.

என் வேலையை இனி யாரும் சாக்காக வைக்க முடியாது. சொல்லவேண்டிய இடத்தில் நானே சொல்லிவிட்டேன். உன் மாஸ்டரிடம் அதைச் சொல்.

குஜிலியம்பாறைக்குப் போ. முதலில் அந்தப் பெண்ணிடம், அவள் அப்பா காதில் விழும்படி சொல். பிறகு முதல்வரிடம் எழுத்தில் கொடு. அதைச் செய்யாமல் எனக்குக் கடிதம் எழுதாதே. எழுதினால் பிரிக்கமாட்டேன்.

அமலோற்பவம்

*

திண்டுக்கல்,
6.4.1986

மரியே வாழ்க.

அன்புள்ள அக்காவுக்கு. ஈஸ்டர் முடிந்து எல்லாரும் சுகம். அம்மா உனக்கு முறுக்கு அனுப்பியிருக்கிறாள். இந்தக் கடிதத்தை நீ பிரிக்கலாம்.

குஜிலியம்பாறைக்குப் போக எனக்கு இரண்டு வாரத்துக்கு மேல் ஆயிற்று. இரண்டு தரம் பஸ் ஸ்டாண்டு வரை போய்த் திரும்பிவிட்டேன். பிப்ரவரி ஆறாம் தேதி அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். தந்தியைத் தவிர. அப்பா எழுந்து சட்டையை மாட்டிக்கொண்டார், வா என்றார். இரண்டு பேருமாகப் போனோம்.

ஊரிலிருந்து காட்டுப் பாதையில் இரண்டு மைல் நடக்கவேண்டும். மழையில்லாமல் பூமி வெடித்துக் கிடந்தது. முத்துப்பேச்சி வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தாள். மாவுக்கட்டை எடுத்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. கால் சூம்பிப்போய்க் கைத்தடி மாதிரி இருந்தது. என்னைப் பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். அய்யனார் அப்பாவுக்குக் கட்டிலை எடுத்துப் போட்டார்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே அவரிடம் சொன்னேன். உங்கள் மகள் யார் பேச்சையும் மீறவில்லை, கயிறு கட்டித்தான் ஏறினாள், கயிற்றைப் பிடித்திருந்தது நான், விட்டதும் நான், பொய்த் தாளில் கையெழுத்துப் போட்டதும் நான் என்றேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவே இல்லை. மகளைப் பார்த்து, "அம்புட்டுத் தடவ சொன்னியே ஆத்தா, நாந்தேன் கேக்கல" என்றார். நான்கு மாதமாக அவர் அவளோடு பேசவில்லையாம். அவர் கொல்லைப் பக்கம் எழுந்து போய்விட்டார்.

முத்துப்பேச்சி உடைத்த கடலையை முறத்தில் தள்ளிவிட்டு நிமிர்ந்தாள். சத்தம் போடவில்லை.

"நீ கயித்த விட்டதுக்கு எனக்குக் கோவமில்ல. கை வலிச்சா விடத்தான் செய்யும். வலிக்குதுன்னு எங்கிட்ட சொல்லாம இருந்தே, அதக்கூட விட்டுருவேன். கையெழுத்துப் போட்டியே, அப்ப எந்த வெரலு வலிச்சுச்சு?"

மன்னித்துவிடு என்றேன். "மாட்டேன்" என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்போமே, அப்படிச் சொன்னாள். நாங்கள் கிளம்பும்போது அவள் அம்மா மோர் கொண்டுவந்தாள். அப்பா வாங்கிக் குடித்தார்.

மறுநாள் கல்லூரிக்குப் போய் எழுத்தில் கொடுத்தேன். முதல்வர் அம்மா படித்துவிட்டு, பத்தாம் தேதி ரயில் ஏறவேண்டியவள் இதை எழுதலாமா, யோசித்துக் கொண்டுவா என்று திருப்பித் தந்தார். அப்பா வெளியே ரயில்வே சட்டையோடு நின்றவர் உள்ளே வந்தார். ஸ்டேஷனில் ஒரு சிக்னல் லீவரைத் தப்பாகப் போட்டால் போட்டவன் பெயரோடு அன்றைக்கே எழுதவேண்டும், எழுதாதவனுக்குத்தான் வேலை போகும் என்று சொன்னார். அவர் குரலை உயர்த்தவில்லை. ஆனால் இன்னொரு நகலைப் பதிவுத் தபாலில் நிர்வாகக் குழுவுக்கு அனுப்பிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தார். சௌந்தர்யாவும் மறுவாரம் தானாகவே ஒன்று எழுதிக் கொடுத்தாள். ரயிலில் இரண்டு பேருமே போகவில்லை.

விசாரணை ஒரு மாதம் நடந்தது. மாஸ்டர் கடைசி நாள் வரை, பெண்பிள்ளைகளுக்கு இதெல்லாம் எதற்கு என்று அன்றைக்கே சொன்னேன் என்றார். அவள் விழுந்த அன்று மாலை அவர் என்னிடம் சொன்னது வேறு. எல்லார் முன்னாலும் அதைச் சொன்னேன், எண்பது எண்ணியதையும் சேர்த்து. அவரை நிறுத்திவிட்டார்கள். என்னை இந்தப் பருவம் முழுவதும் இடைநீக்கம் செய்திருக்கிறார்கள். தேர்வு எழுத முடியாது, ஒரு வருஷம் போகிறது. முத்துப்பேச்சிக்கு ஜூனில் வகுப்பும் ஹாஸ்டலும் திரும்பக் கிடைக்கிறது. அந்தத் தாளை அவள் அப்பா முன்னால் ரத்து செய்து கையெழுத்துப் போட்டார்கள்.

என் விரல் முழுதாக நிமிரவில்லை. இது உன்னிடம் கேட்பதற்காக எழுதியதில்லை.

கேட்க வேண்டியது வேறு. போன வாரம் முத்துப்பேச்சி ஜூனில் சேர்வதற்கான தாளை வாங்கக் கல்லூரிக்கு வந்தாள். கம்பு ஊன்றி நடக்கிறாள், கணுக்கால் மடங்கவில்லை. ஆபீஸ் வாசலில் நான் நின்றேன். என்னைக் கடந்து போய்விட்டாள். சௌந்தர்யாவிடம் மட்டும் பேசினாளாம். அடுத்த வருஷம் குழுவை மறுபடி ஆரம்பிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டாளாம், அவள் ஏறப்போகிறாளாம். கயிறு பிடிப்பவளை அவளே பார்த்துப் பொறுக்குவாளாம். அதற்குள் இந்தக் காலை எப்படித் தேற்றுவது, எதை எத்தனை நாள் செய்வது, எந்த வலியில் நிறுத்துவது என்று அவளுக்குச் சொல்ல அந்த ஊரில் யாரும் இல்லை. இங்கே கட்டுப் பிரித்த டாக்டர் நட என்று மட்டும் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

உனக்குத் தெரிந்ததையெல்லாம் வரிசையாக எழுது. அவள் படிக்கிற மாதிரி, அவள் அப்பாவும் எழுத்துக் கூட்டிப் படிக்கிற மாதிரிப் பெரிய எழுத்தில் எழுது. எனக்கு அனுப்பாதே, அவளுக்கே அனுப்பு. விலாசத்தைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். உறை மேல் நீயே எழுது அக்கா. என் கையெழுத்தைப் பார்த்தால் அவள் பிரிக்கமாட்டாள்.

ஜெயராக்கினி